குமிழில் உள்ள எண் வெப்பநிலை அன்று

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியின் குமிழை 1 இல் வைத்திருக்கிறார்; இரவில் பெட்டியை நிறுத்தியும் விடுகிறார். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால் வியாழன் இரவு மிஞ்சிய மீன் குழம்பை எடுத்து வைத்தால் சனிக்கிழமை அது புளித்துப் போகிறது, கதவுத் தட்டில் வைத்த பால் திரைகிறது, ஆனால் பின்சுவரை ஒட்டியிருந்த வல்லாரை மட்டும் உறைந்து கறுத்துவிடுகிறது. குளிரைக் கூட்டினால் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பது அவருடைய கேள்வி.

குமிழில் உள்ள 1, 2, 3 என்பவை பாகைகள் அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் குளிரும் கூடும். அவ்வளவே அவற்றின் பொருள். ஆகவே முதலில் ஒரு வெப்பமானியை வாங்கி, ஒரு குவளைத் தண்ணீரில் அமிழ்த்தி நடுத்தட்டில் வையுங்கள். காற்றின் வெப்பநிலை கதவு திறக்கும்போதெல்லாம் மாறும். தண்ணீரின் வெப்பநிலையோ உணவினுடையதற்கு நெருக்கமாக இருக்கும். இரவு முழுவதும் பெட்டியை ஓடவிட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 4 பாகை செல்சியசோ அதற்குச் சற்றுக் குறைவோ இருக்க வேண்டும். பிரீசரில் −18 பாகை. குமிழை ஒரு எண் நகர்த்தினால், மறுபடி அளக்க ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

இரவில் நிறுத்துவதுதான் உங்கள் வீட்டில் நிகழ்வதில் பாதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து வெக்கையில் மூடிய பெட்டியும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பாதுகாப்பான குளிரைத் தாங்காது. விடிந்ததும் மீண்டும் போடும்போது, இழந்த குளிரை மீட்கக் கொம்பிரசர் இடைவிடாது ஓடுகிறது. பின்சுவர் கடுமையாகக் குளிர்கிறது. அதில் சாய்ந்திருக்கும் கீரை உறைகிறது. கதவிலுள்ள பாலுக்கோ அந்தக் குளிர் போய்ச் சேர்வதில்லை. கதவுதான் பெட்டியிலேயே சூடான இடம் என்பதால் பாலை உள்தட்டுக்கு மாற்றிவிட்டு, கதவில் ஊறுகாயும் சோஸும் இருக்கட்டும்.

இனிக் கட்டணம். 200 லீற்றர் அளவிலான சாதாரணப் பெட்டி ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு அலகு எடுக்கும் என்று கொள்வோம். குளிரை ஒரு பாகை கூட்டினால் நுகர்வு சுமார் 5 சதவீதம் கூடும் என்பது பொதுவான மதிப்பீடு. அதன்படி 8 பாகையிலிருந்து 4 பாகைக்கு வந்தால் மாதத்துக்கு ஆறு அலகு அளவில் ஏறலாம். ஒரே ஒரு முறை வீசும் மீன் குழம்பின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் அறவிடப்படுவதால், உங்கள் மாதப் பாவனை 60 அலகை ஒட்டி நின்றால் அந்த ஆறு அலகு உங்களை மேலடுக்குக்குத் தள்ளிவிடும். அப்படியானால் அந்த ஆறு அலகையும் பெட்டியின் குளிரைக் குறைக்காமல் வேறு வழியில் மிச்சம் பிடிக்க வேண்டும்.

வழிகள் உண்டு. கதவின் றப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள்; தடையின்றி வந்தால் றப்பரை மாற்றுங்கள். பிரீசரில் பனி அரை சென்ரிமீற்றருக்கு மேல் தடித்தால் உருக்குங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம். பெட்டி அடுப்புக்கும் மேற்கு வெயில் படும் சுவருக்கும் விலகி, பின்னால் ஒரு சாண் இடைவெளியுடன் நிற்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் வெப்பம் பக்கச் சுவர்கள் வழியாகவே வெளியேறுவதால் பக்கங்களையும் அலுமாரியோடு நெருக்காதீர்கள். சின்ன வெங்காயத்தையும் வாழைப்பழத்தையும் உள்ளே வைக்கத் தேவையே இல்லை.

குழம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மண்சட்டியோடு உள்ளே வைக்காதீர்கள். சட்டி வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அகன்ற, தாழ்ந்த பாத்திரத்தில் ஊற்றி, அதைத் தண்ணீர்த் தட்டத்தில் வைத்து ஆற்றி, நம் வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால், தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்து, சூடாக்கும்போது பால் விடுவது நல்லது. பால் சேர்ந்த கறிதான் விரைவில் பழுதாகும்.

பச்சை மீனை 4 பாகையிலும் ஓரிரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். வியாழன் வாங்கிச் சனி சமைப்பதென்றால் வாங்கிய அன்றே பிரீசரில் இடுங்கள். சூரை, சாளை போன்ற மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உருவாகும். அது கொதிக்க வைத்தாலும் அழியாது. முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி என்று உண்டவுடனே தெரியவரும். மீன் மணக்காமலே இது நிகழக்கூடும் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் நம் வழக்கத்தை இந்த மீன்களில் நம்ப முடியாது.