குளத்துச் செடி, கடற்புல், தண்ணீர்: கேள்வி பதில்

நீர்த்தாவரங்கள் பற்றியும் தண்ணீரின் தரம் பற்றியும் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஏரிக்கரைக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் சேர்ந்தே கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். ஏரியில் தொடங்கிக் கடலில் முடிக்கிறேன். தண்ணீர் போகிற வழியும் அதுதானே.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஏரியில் ஆகாயத்தாமரையை அள்ளினோம். ஜேசிபி எல்லாம் வைத்தோம். நாலே மாதத்தில் பழையபடி மூடிக்கொண்டது. என்ன தப்பு செய்தோம்?

பதில்: அள்ளியது தப்பே இல்லை தம்பி. அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அள்ளியதுதான் குறை. இது தென் அமெரிக்காவின் அமேசான் படுகைச் செடி. பூ அழகாக இருக்கிறதென்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவிவிட்டது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அவை இரண்டும் சாக்கடையிலும் சோப்புத் தண்ணீரிலும் வயலிலிருந்து கழுவி வரும் உரத்திலும் இருக்கின்றன. போதாததற்கு, இதன் விதை சேற்றுக்குள் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். நீங்கள் அள்ளி முடித்ததும் சேற்றில் வெயில் பட்டிருக்கும், விதை முளைத்திருக்கும்.

மழையில்லாத ஒரு நாளில் வரத்துக்கால் ஓரமாக மேலே நடந்து போங்கள். மழையே இல்லாதபோது அதில் ஓடி வருவது பெரும்பாலும் சாக்கடைதான். எந்தெந்த இடத்தில் சேர்கிறது என்று குறித்துக்கொண்டு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். அதைத் திருப்பாமல் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இறங்கினாலும் உங்கள் முதுகுதான் வலிக்கும். அப்புறம், அள்ளுவதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிச் செடி ஓரிடத்தில் ஒதுங்கும், வேலை பாதியாகும். பூ வருவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் புது விதை விழாது. அள்ளியதைக் கரைச் சரிவிலேயே குவிக்காதீர்கள். முதல் மழையில் அழுகல் சாறு முழுவதும் ஏரிக்கே திரும்பிவிடும். பிறகு ஒன்றிரண்டு செடி தலைகாட்டும்போதே வாரம் ஒருமுறை கையால் எடுத்துவர ஆள் வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அதே தம்பி: களைக்கொல்லி அடித்தால்? வண்டு விடலாம் என்கிறார்களே?

பதில்: மருந்து வேண்டாம். மொத்தச் செடியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாம் அந்த அழுகலுக்கே போய்விடும், மீன் மிதக்கும். ஆகாயத்தாமரையைத் தின்னும் நியோகெட்டினா வண்டு 1980-களிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. நல்ல வண்டுதான், ஆனால் வேலை காட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். கோடைதோறும் வற்றும் நம் ஏரிகளில் செடியோடு வண்டும் காய்ந்துபோகும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி: அள்ளிய செடியை மாட்டுக்குப் போடலாமா? உரமாக்கலாமா?

பதில்: உங்கள் ஊரிலிருந்து கேட்பதால் கொஞ்சம் கவனமாகவே சொல்கிறேன் ஐயா. செடியில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர். நறுக்கி, இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, சாணத்தோடு மாற்றி மாற்றி அடுக்கினால் நல்ல மட்கு கிடைக்கும். ஆனால் இந்தச் செடி குரோமியம், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி வேரில் சேர்த்து வைக்கும். தோல் பதனிடும் கழிவோ சாயக் கழிவோ வரும் ஏரியென்றால் அதை மாட்டுக்கும் போடாதீர்கள், காய்கறித் தோட்டத்துக்கும் போடாதீர்கள். தண்டை உலர்த்திக் கூடை பின்னக் கொடுக்கலாம்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: எங்கள் தெருவையொட்டிய ஊருணியைச் சீரமைக்கப்போகிறார்கள். செடி கொடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கரைக்குக் கல் பதித்து, நடைபாதை போடுவார்களாம். தண்ணீர் கண்ணாடிபோல் ஆகிவிடும் என்கிறார்கள். ஆகுமா?

பதில்: ஆகாதம்மா. தயவுசெய்து இதைத் தடுத்துப் பேசுங்கள்.

மிதக்கும் ஆகாயத்தாமரை வேறு, தண்ணீருக்குள்ளேயே வளரும் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவை வேறு. ஓரத்தில் நிற்கும் சம்பு, கோரை, அல்லி, கொட்டி வேறு. முதலாவது மூடியைப் போட்டு வெளிச்சத்தை மறைக்கிறது. மற்ற இரண்டும் தண்ணீரைத் தெளியவைக்கின்றன. உள்ளே வளர்பவை அடிச்சேற்றைக் கலங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாசிக்குப் போகவேண்டிய சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். பாசியைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் பகலில் மீனுக்குத் தப்பி ஒளிந்துகொள்ள அவைதான் இடம். ஓரத்துச் செடிகள், தெருவிலிருந்து வழிந்து வரும் அழுக்கு நீரை வேரில் வடிகட்டி உள்ளே விடும்.

ஆழமில்லாத குளத்துக்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று, உள்ளே செடி வளர்ந்து தண்ணீர் தெளிந்த நிலை. இன்னொன்று, செடியெல்லாம் போய்ப் பாசி மிதந்து தண்ணீர் பச்சையாகக் கலங்கிய நிலை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரே கோடையில் போய்விடலாம். திரும்பி வருவது மிகவும் கடினம், ஏனென்றால் கலங்கலில் வெளிச்சம் இறங்காது, வெளிச்சமில்லாமல் புதுச்செடி முளைக்காது. இப்படிச் சுத்தமாகத் துடைத்த ஒரு குளத்தை நான் அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தேன். கரை பளபளவென்று இருந்தது, தண்ணீர் கீரை மசியல்போல் இருந்தது. மனசு கேட்கவில்லை. கரையில் பாதியாவது மண்ணாகவும் சம்பும் கோரையுமாகவும் இருக்கட்டும் என்று கேளுங்கள். சம்பு அடர்ந்துபோனால் ஆண்டுக்கு ஒருமுறை அறுத்து வெளியேற்றினால் போதும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு மீன் வளர்ப்பவர்: விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பகலில் நன்றாகவே இருக்கின்றன. யாராவது மருந்து கலந்திருப்பார்களோ?

பதில்: யாரையும் சந்தேகப்பட வேண்டாம் அண்ணா. விஷமென்றால் பகலில் தெளிந்து இரவில் திரும்பி வராது. இது ஆக்சிஜன் குறைவு. பாசியும் செடியும் பகலில் ஆக்சிஜனை விடும், இரவு முழுக்க அவையும் மீனைப்போல் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரிச் சூட்டில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். விடியும்போது அது இரண்டு மூன்றுக்கு இறங்கினால் மீன் திணறும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியல்தான் ஆபத்து. தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துங்கள். நள்ளிரவுக்கு மேல் மோட்டார் போட்டு அந்தத் தண்ணீரையே மேலிருந்து விசிறி விழவிடுங்கள்.

இன்னொருவர்: புல்கெண்டை விட்டால் செடித் தொல்லை தீருமா?

பதில்: ஹைட்ரில்லாவை ஆசையாகத் தின்னும், ஆகாயத்தாமரையைத் தொடாது. தின்ற சத்து எச்சமாகக் குளத்துக்குள்ளேயே விழும், அதில் பாசி வளரும். வளர்ப்புக் குளத்துக்குச் சரி, ஊர்க்குளத்துக்கு வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: குட்டையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆடை படிகிறது. ஆடு மாடு குடிக்கலாமா?

பதில்: குடிக்கவிடாதீர்கள். அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. இதில் பல வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் அந்த நஞ்சு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தேற்றாங்கொட்டை உரைத்து விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடத்து நீரில் மண்கலங்கலைப் படியவைக்க அருமையான பொருள். கரைந்துவிட்ட நஞ்சை அது எடுக்காது.

சென்னையிலிருந்து ஒரு மாணவி: மழை வெள்ளம் வடிந்ததும் முகத்துவாரம் பக்கம் கடற்கரை முழுக்க ஆகாயத்தாமரை ஒதுங்குகிறது மேடம். கடலிலும் பரவிவிடுமா?

பதில்: பரவாதம்மா. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதில் கால் பங்கே இந்தச் செடியைக் கருக்கிவிடும். ஆனால் செடியைக் கொழுக்கவைத்த சாக்கடைச் சத்து அதனோடு சேர்ந்து கடலுக்குப் போகிறதே, அதுதான் கவலை. அடுத்த கேள்வி அதைத்தான் தொடுகிறது.

மண்டபத்திலிருந்து ஒரு மீனவர்: கடற்பாசியும் கடல் தாழையும் ஒன்றா? முன்பு எங்கள் கரையோரம் தாழை அடர்ந்து கிடக்கும். இப்போது திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு அண்ணா. கடற்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. நீங்கள் தாழை என்று சொல்லும் கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உண்டு. அதில் எனாலஸ் என்ற நீள இலை வகையும் நம் ஏரியில் வளரும் ஹைட்ரில்லாவும் ஒரே குடும்பம். எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

கடற்புல்லுக்கு வெளிச்சம்தான் உயிர். கடல் மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது அடியில் போய்ச் சேரவேண்டும், பல வகைகளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். சாக்கடை நீர் வந்தால் இலைமேல் வழவழவென்று பாசி படரும், மண் வந்தால் தண்ணீர் கலங்கும். இரண்டிலும் வெளிச்சம் போய்விடும். அடியை வாரிப்போகும் இழுவை மடி வலை வேரோடு பெயர்த்துவிடுவது தனிக்கதை, அது உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

அது போனால் தண்ணீரும் கெடும். இந்தோனேசியாவின் சுலாவெசி அருகே தீவுகளில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள்: கடற்புல் உள்ள இடத்தில் மனிதருக்கும் மீனுக்கும் நோய் தரும் பாக்டீரியாக்கள் பாதியாகக் குறைந்திருந்தன, பக்கத்துப் பவளங்களிலும் நோய் பாதிதான். அப்புறம் ஆவுளியா, அதாவது கடற்பசு. வளர்ந்த ஒன்று நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் இந்தப் புல்லைத்தான் மேயும். 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள். புல் இருந்தால்தான் அந்த அறிவிப்புக்குப் பொருள்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: சில ஆண்டுகளில் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குகிறதே, பூங்கோரை என்கிறோம். அது செடியா?

பதில்: செடியில்லை, நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியால்தான் பச்சை நிறம். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது. அது திரளாகச் செத்து அழுகும்போது அம்மோனியா கூடும், ஆக்சிஜன் இறங்கும். மேலே கும்பகோணத்துக் குளத்துக்குச் சொன்னதேதான், அளவுதான் பெரிது. செத்து ஒதுங்கிய மீனைக் கருவாட்டுக்கும் எடுக்காதீர்கள்.

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு ஆசிரியை: பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கடற்புல் நடலாமா?

பதில்: பிள்ளைகள் நடவேண்டாம் டீச்சர், கற்றுக்கொள்ளட்டும். பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் தண்டைப் பிணைத்து அடியில் பதிக்கிறார்கள். நார் மட்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாற்று, நன்றாக இருக்கும் இன்னொரு திட்டிலிருந்துதான் வரவேண்டும், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பங்கு வரைந்து, கயிற்றில் கட்டி, படகிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதைத் தேதியோடு எழுதட்டும். மாதம் இரண்டு முறை, மீனவர் ஒருவர் துணையோடு, நடுப்பகலில். ஒரு ஆண்டுக் குறிப்பு கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த மாதத்தில் ஏன் கலங்கியது என்று சேர்ந்து பார்ப்போம்.