கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் கரைசலில் சிடிஏபி–டிடிஏபி கலவை: இரண்டு முறிவுகளில் எது சிஎம்சி?

சிடிஏபி, டிடிஏபி என்ற இரண்டு நேர்மின் சோப்பு வகை மூலக்கூறுகளின் கலவையை இந்தப் பாலிமர் கரைசலில் அளந்தபோது, கடத்துதிறன் கோட்டின் சாய்வு இரண்டு இடங்களில் முறிகிறது, கணக்கோடும் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சிஎம்சி என்பது மைசெல்கள், அதாவது அந்த மூலக்கூறுகளின் தனிக் கொத்துகள், உருவாகத் தொடங்கும் செறிவு. அதற்கு இரண்டாவது முறிவையே எடுங்கள். கடத்துதிறன் வரைபடத்தில் முதலில் தெரிவது, எதிர்மின் பாலிமர் சங்கிலியில் நேர்மின் மூலக்கூறுகள் கொத்துக்கொத்தாக ஒட்டத் தொடங்கும் செறிவு. சங்கிலி நிரம்பிய பிறகே கரைசலில் தனி மைசெல்கள் பிறக்கின்றன. (அந்த செல்லுலோஸையும் சிஎம்சி என்றே சுருக்குவது பாதிக் குழப்பத்துக்குக் காரணம்!)

சரிபார்க்க, பாலிமர் அளவைப் பாதியாக்கி மறுபடி அளந்து பாருங்கள். முதல் முறிவு பெரிதாக அசையாது. இரண்டாவது தெளிவாகக் கீழிறங்கும். இரண்டுமே அசையாவிட்டால் என் விளக்கம் தவறு.

கணக்கிட்ட மதிப்போடு பொருந்தவில்லை என்கிறீர்கள். நீங்கள் போட்டது தூய நீருக்கான எண்களாக இருக்கும். சிஎம்சியாக சிடிஏபிக்கு 0.9, டிடிஏபிக்கு 15 மில்லிமோலார் என்று வைத்தால், தனித்தனி மதிப்புகளிலிருந்து கலவையின் சிஎம்சியைக் கணக்கிடும் கிளின்ட் சமன்பாடு சமமோல் கலவைக்குச் சுமார் 1.7 தரும். அது பாலிமர் இல்லாத நீருக்கு. தனித்தனி மதிப்புகளையும் இதே பாலிமர் கரைசலில் அளந்துதான் போட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: மின்சுமைகள் சமனாகும் இடத்தருகே கரைசல் கலங்கி வீழ்படிவு வரலாம். கலங்கிய பகுதிப் புள்ளிகளை நம்பிக் கோடு வரையாதீர்கள். வெப்பநிலையும் 30 டிகிரியில் இருக்கட்டும். 25க்குக் கீழே சிடிஏபி படிகமாகி ஏமாற்றலாம்.