பூச்சிப் பக்கம்: மணல் வீடு கட்டும் புழு

கேள்வி: குற்றாலத்துக்கு மேலே ஒரு சிற்றோடைப் பாறையில் ஒட்டியிருந்த, மிளகு அளவு நத்தை ஓட்டை என் மகன் எடுத்துவந்தான். தேய்த்தால் மணல் உதிர்கிறது. மணலில்கூட நத்தைக்கு ஓடு இருக்குமா?
– வாசகி, தென்காசி

பதில்: அது நத்தை இல்லையம்மா. கேடிஸ் பூச்சி என்ற வகையைச் சேர்ந்த ஒரு புழு கட்டிய வீடு. தண்ணீரில் புழுவாக வளர்ந்து, பிறகு சிறகு முளைத்து வெளியே பறக்கும் பூச்சி அது. இந்தப் புழுக்கள் வாயருகே ஒரு பட்டு நூலைச் சுரக்கும். தண்ணீருக்குள்ளேயே ஒட்டக்கூடிய பட்டு அது. அதைக் கொண்டு மணலை ஒவ்வொரு துகளாகச் சேர்த்து, சுருள் சுருளாகக் கட்டிக்கொண்டு உள்ளே குடியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நத்தை ஓடு என்றால் வழவழப்பாக, வளர்ச்சிக் கோடுகளோடு இருக்கும். இதில் மணல்கள் தனித்தனியாகத் தெரியும். உயிரோடு கிடைத்திருந்தால் வாசலில் ஆறு கால்களும் தெரிந்திருக்கும்.

பையனைக் கேலி செய்யாதீர்கள். 1834இல் ஐசக் லே என்ற அமெரிக்க நத்தை நிபுணர் இப்படிப்பட்ட கூட்டைப் பார்த்து, ஓட்டை மணலால் பலப்படுத்திக்கொள்ளும் விசித்திர நத்தை என்று எழுதி, ‘வால்வாட்டா அரெனிஃபெரா’ என்று அறிவியல் பெயரும் வைத்துவிட்டார்! இன்று அந்தப் புழுவின் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் குழுவுக்கு, ஹெலிகாப்சைக்கே என்று பெயர்.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய பூச்சி இனம் கண்டுபிடிப்பு என்று அடிக்கடி செய்தி வருகிறது. அது புதியது என்று எப்படித் தெரியும்?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: கேடிஸ் பூச்சியையே எடுத்துக்கொள்வோம் தம்பி. பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டி, புற ஊதா விளக்கு வைப்பார்கள். அந்துப்பூச்சிகளோடு இவையும் வந்து உட்காரும். சிறகை ஓட்டு வீட்டுக் கூரைபோல மடித்து, நீண்ட உணர்கொம்பை முன்னால் நீட்டியிருப்பவை இவை. சிறகில் செதிலுக்குப் பதிலாக மயிர் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, பாதிக்கு மேல் பழுப்புதான். ஆண் பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைப்பார்கள். சதை கரைந்துபோக, இனப்பெருக்க உறுப்புகளின் கெட்டியான பாகங்கள் மட்டும் நிற்கும். கிளிசரினில் போட்டு நுண்ணோக்கியில் பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று கோட்டுப்படம் வரைய வேண்டும். ஒரு கொக்கியின் வளைவு, ஒரு முள்ளின் நீளம் என இனத்துக்கு இனம் வேறுபடுவது அங்கேதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு. இதுவரை வெளியான படங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். ஃபெர்னாண்ட் ஷ்மித் என்ற சுவிஸ்காரர் இலங்கையின் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி 1958இல் பிரெஞ்சில் எழுதிய ஆய்வு இல்லாமல் தென்னிந்தியாவில் இந்த வேலை நடக்காது. தாய்லாந்துப் பக்கம் போனால் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் மாலிக்கி 2010இல் வெளியிட்ட படத்தொகுப்பு. எதிலும் பொருந்தவில்லை என்றால்தான் அது புதியது. பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்து, விவரத்தை ஆய்விதழில் வெளியிட்டால்தான் பெயர் செல்லும். நாளிதழில் வந்த செய்தி கணக்கில் வராது.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஓர் இனம் இருக்கிறது, தெரியுமோ? 1980இல் ஸ்வெக்மன், காஃப்மன் என்ற இருவர் விவரித்த ‘ஸ்டெனாப்சைக்கே கொடைக்கானலென்சிஸ்’.

கேள்வி: வருடக் கணக்கில் ஓடையில் புழுவைத்தான் பார்க்கிறேன். புத்தகத்திலோ சிறகுள்ள பூச்சி மட்டும்தான் இருக்கிறது. என் புழுவுக்குப் பெயர் இல்லையா?
– வாசகர், வால்பாறை

பதில்: இந்தத் துறையின் பெரிய ஓட்டையில் விரலை வைத்துவிட்டீர்கள். வெப்பமண்டலக் காடுகளில் பெயர் சூட்டப்பட்ட கேடிஸ் பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் புழு எது என்று யாருக்கும் தெரியாது. விளக்குக்கு வந்த ஆணை வரைந்து பெயர் வைப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி வேலை என்பேன். அந்தப் பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது தண்ணீரில். ஓடை கெட்டால் முதலில் அடிபடுவதும் புழுதான். பெயர் தெரியாததை எப்படிக் கணக்கெடுப்பது?

இணைக்க வழி உண்டு. ஒன்று, புழுவைப் பிடித்து வளர்ப்பது. குளிர்ந்த, ஓடுகிற தண்ணீருக்குப் பழகியதைத் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். இன்னொன்று மரபணு. புழுவிலும் பூச்சியிலும் ஒரே மரபணுத் துண்டைப் படித்து ஒப்பிடுவார்கள். அந்தத் துண்டு வழக்கமாக 658 மரபணு எழுத்து நீளம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. வளர்ந்து முடித்த புழு கூட்டைக் கல்லில் ஒட்டி, தண்ணீர் போய்வர மட்டும் இடம் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே தோல் உரிக்கும். கூடு கட்டும் பல வகைகளில் புழுவின் பழைய தலை ஓடும் மார்புத் தகடுகளும் கூட்டின் அடியிலேயே கிடக்கும். கூட்டுப்புழுவின் மெல்லிய தோலுக்குள் ஆண் பூச்சி முழுசாக உருவாகி, நுனி உறுப்புகள் வரை தெரியும் ஒரு கட்டம் வருமே, அந்தச் சமயம் பார்த்துக் கூட்டைத் திறந்தால் புழுவும் பூச்சியும் ஒரே உடம்பின் சாட்சியாகக் கிடைக்கும். எந்த இயந்திரமும் வேண்டாம். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும். புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள், அடியில் குடித்தனம் நிறைய.

கேள்வி: இதெல்லாம் சோற்றுக்கு ஆகுமா, ஐயா?
– வாசகர், மதுரை

பதில்: ஆகும். ஜப்பானில் நாகானோ மாகாணத்தின் இனா பகுதியில், கொடைக்கானல் பூச்சியின் பேரினமான ஸ்டெனாப்சைக்கேயின் புழுக்களைத் தென்ரியூ ஆற்றில் பிடித்து, சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். ‘ஸாஸாமுஷி’ என்று பெயர். நான் சாப்பிட்டதில்லை, ஆசையும் இல்லை.

கேள்வி: விடுமுறையில் மாணவர்களோடு போய்க் காட்டு ஓடையில் புழுக்கள் சேகரிக்கலாமா?
– பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

பதில்: வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதியோடு சேகரித்து அதில் புதிய இனம் ஏதும் கிடைத்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி அரசு குறித்துள்ள களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். மாணவர்களுக்கு அவ்வளவெல்லாம் எதற்கு? வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஓடைத் தண்ணீரோடு புழுவை விட்டு, கூடு மணலா, இலையா, குச்சியா என்று வரையச் சொல்லுங்கள். வரைந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். தட்டை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள்.