பஃபரில் 7, மீன் தொட்டியில் 4: பிஎச் சென்சார் ஏன் மாறுகிறது?

உங்கள் மீன் கடையில் பிஎச் சென்சார் (நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் கருவி) பஃபர் கரைசலில் 7 என்றும், தொட்டியில் 4 என்றும் காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். பஃபர் என்பது பிஎச் அளவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல். அதில் சரியாக 7 காட்டும் சென்சார் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் தொட்டி மோட்டாரிலோ ஹீட்டரிலோ மின்கசிவு இருக்கும் என்றே நினைக்கிறேன். பிஎச் ஓர் அலகு மாறினால் சென்சாரின் கண்ணாடி முனை தருவது ஏறத்தாழ 59 மில்லிவோல்ட்தான். சிறு கசிவே அதைக் குலைத்துவிடும்.

தொட்டி நீரைப் பிளாஸ்டிக் குவளையில் மொண்டு, தனியே அளந்து பாருங்கள். அங்கே 7 வந்தால், சென்சாரை மீண்டும் தொட்டியில் விட்டு, பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் எண் ஏறுகிறதோ, அந்தக் கருவியை மாற்றிவிடுங்கள்.

குவளையிலும் 4 வந்தால் நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீரில் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்க்கும் பிஎச் சோதனையில் உறுதிப்படுத்துங்கள். அதுவரை சமையல் சோடா போடவே போடாதீர்கள், திடீர் மாற்றத்தை மீன்கள் தாங்காது. நீரில் கை விடுமுன் எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள், இது உயிர் விஷயம்.