டர்பனில் விளையாட்டு மேலாண்மைப் பயிற்சி தேடும் தம்பிக்கு

தம்பி, விளையாட்டு மேலாண்மையில் முதுகலை படிப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன என்றும், படிப்போடு சேர்த்து ஓர் இன்டர்ன்ஷிப்போ தன்னார்வப் பணியோ செய்ய விரும்புவதாகவும், கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்திலோ மோசஸ் மபிடா கால்பந்து ஸ்டேடியத்திலோ அதற்கு வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடவே வாடகை, சமையல், குளிர்கால உடை, உதவித்தொகை என்று ஐந்தாறு கேள்விகள். வாடகை நிலவரத்தை உங்கள் வகுப்பு மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். சமையலைப் பொறுத்தவரை, மசாலாவுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் 2009 ஜனவரியில் பாளையங்கோட்டையிலிருந்து வந்திறங்கிய நானும் கிங்ஸ்மீட், கிங்ஸ்மீட் என்றுதான் சொல்லிக்கொண்டு அலைந்தேன். மோசஸ் மபிடா அப்போது கட்டி முடிக்கப்படவில்லை.

நான் வந்த அந்த ஆண்டில் இந்தியாவில் பொதுத்தேர்தல் நடந்ததால், ஐபிஎல் போட்டிகள் கடைசி நேரத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றப்பட்டன. ஏப்ரல் 18 முதல் மே 24 வரை நடந்த அந்தத் தொடரின் ஆட்டங்கள் பல கிங்ஸ்மீடிலும் நடந்தன. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, உடற்கல்வியில் பட்டம் பெற்ற ஒருவனை ஏற்பாட்டாளர்கள் வலைபோட்டுத் தேடுவார்கள் என்று நம்பி முப்பதுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அப்போது பெரிய மனக்குறையாக இருந்தது. இன்று நானே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பதால் காரணம் புரிகிறது. சில வாரங்களில் ஒரு தொடரையே நடத்தி முடிக்க வேண்டியவருக்கு, கற்றுக்கொள்ள வந்தவனைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடையாது. அவருக்கு வேண்டியவர் ஏற்கெனவே எங்கேயோ வேலை பழகியவர்.

அந்த ஏமாற்றத்தில் இருந்தபோதுதான், ஐபிஎல்லோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் என்னை இன்டர்ன் என்று சேர்த்துக்கொண்டது. மூன்று மாதங்கள் விளம்பரப் பதாகைகளை ஏற்றி இறக்கினேன், தடுப்புக் கம்பிகளை அடுக்கினேன், ஸ்பான்சர்களின் விருந்தினர்களுக்குக் குளிர்பானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பளம் இல்லை, பயணப்படியும் இல்லை, முடிவில் விரிவான அனுபவச் சான்றிதழ் தருவதாக வாய்ச்சொல் மட்டும் இருந்தது. எங்கள் படிப்பில் குறிப்பிட்ட மணிநேரம் களப்பணி செய்து, அதற்கான பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையொப்பம் வாங்கித் துறைக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாத முடிவில் பதிவேட்டை நீட்டியபோது, எனக்கு வாக்குக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. துறையில் அந்த மணிநேரங்களை ஏற்க மறுத்துவிட்டார்கள். மறுபருவத்தில் களப்பணியை முதலிலிருந்து செய்தேன். அதற்கான கட்டணத்தை என் அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பினார்.

ஆகவே இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்த இடத்தில் சேர்வதாக இருந்தாலும், முதல் நாளுக்கு முன்பே ஒரு பக்கத் தாளில் உங்கள் மேற்பார்வையாளர் யார், உங்கள் பொறுப்பு எது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பயணச் செலவு யாருடையது, களப்பணிப் பதிவேட்டில் எந்தக் கிழமை கையொப்பம் கிடைக்கும் என்பவற்றை எழுதி வாங்குங்கள். கையொப்பத்தை வாராவாரம் வாங்குங்கள். கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் நீங்கள் சேராமல் போவதே லாபம். மாணவர் விசாவில் இருப்பவர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பகுதிநேர வேலை செய்யக் கூடாது என்பதையும், களப்பணி உங்கள் படிப்பின் பகுதி என்று துறையிடமிருந்து கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீடு திரும்பும் வழி. இரவு ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, உங்களை விடுவிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் மினிபஸ் டாக்ஸியை நம்ப முடியாது. நான் நடந்தே போய்விடலாம் என்று ஒருநாள் கிளம்பி, கைப்பேசியையும் பையையும் பறிகொடுத்தேன். போனவை போகட்டும், பையில் பதிவேடும் இருந்தது. "இரவில் என்னை யார் கொண்டுபோய் விடுவார்கள்?" என்று கேட்பதற்கு இந்த ஊரில் யாரும் வெட்கப்படுவதில்லை, கேட்காதவரைத்தான் விவரம் தெரியாதவர் என்பார்கள்.

என்னைக் கரை சேர்த்தது, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஒரு சிறிய கிரிக்கெட் கிளப். நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஆன்ட்டியின் அண்ணன் அந்தக் கிளப்பின் செயலாளர், எழுபதை நெருங்கியவர், எல்லோருக்கும் அங்கிள். இரண்டாவது முறை களப்பணிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, அவரிடம் போய் எனக்கு ஏதாவது மேலாண்மைப் பணி தருவீர்களா என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார். உறுப்பினர் சந்தா வசூலிப்பது, டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி நகராட்சியிடம் மைதானத்துக்குப் பதிவு செய்வது, நடுவர் கூலியைப் பிரித்து வைப்பது, மழையால் ஆட்டம் நின்றால் அன்று மாலைக்குள் எதிரணிச் செயலாளரிடம் பேசி மறுதேதி முடிவு செய்வது, சிறுவர் அணியின் பெற்றோரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குவது என்று ஒரு பருவம் முழுவதும் அந்தப் புத்தகத்தைச் சுற்றியே என் வேலை இருந்தது. வகுப்பில் நிதி மேலாண்மை, இடர் மேலாண்மை, பங்குதாரர் உறவு என்று தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை எல்லாம் நாற்பது பேர் கொண்ட ஒரு கிளப்பில் ஒரே சனிக்கிழமையில் வந்து நிற்கும். தவறு செய்தால் திங்கட்கிழமை அங்கிளின் முகத்தில் விழிக்க வேண்டும். அந்தப் பயம் நான் பதாகை தூக்கிய மூன்று மாதங்களில் ஒருநாளும் இருந்ததில்லை.

இங்கே நம்மவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களில் பலர், இந்த ஊர்த் தமிழருக்குத் தமிழ் பேசத் தெரியவில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, உம்லாங்கா பக்கம் தங்களுக்குள்ளேயே ஒரு வட்டம் போட்டு வாழ்கிறார்கள். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்த ஊர்த் தமிழர்கள். எங்கள் அங்கிளுக்குத் தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த தேவாரத்தை ஒரு சொல் பிசகாமல் பாடுவார். வெள்ளையரல்லாதவருக்கு நல்ல மைதானம் மறுக்கப்பட்ட காலத்தில், டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கூடி, சொந்தக் காசில் பந்து வாங்கி லீக் நடத்திய தலைமுறை அது. நிறவெறியை எதிர்த்து 1973-இல் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று முழங்கியபோது, இவரைப் போன்ற செயலாளர்கள்தான் வாராவாரம் அட்டவணை எழுதி அந்த விளையாட்டை உயிரோடு வைத்திருந்தார்கள். அவருடைய பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் படித்ததுதான் எனக்கு உண்மையான முதுகலைப் படிப்பு. தமிழ் தெரியாதவர் என்று ஒதுக்கியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் இங்குள்ள ஜூலு மக்களின் மொழியான இசுஸுலுவும் பழகுங்கள். "சாவுபோனா" என்று வணக்கம் சொல்லி, "ங்கியாபோங்கா" என்று நன்றி சொல்லத் தெரிந்தவனுக்கு மைதான வாசலில் பாதி வேலை முடிந்துவிடும். நான் இப்போது பாதுகாப்புப் பணியாளர்களுக்கான காலை விளக்கக் கூட்டத்தை அந்த மொழியிலேயே நடத்துகிறேன். இலக்கணப் பிழைகளைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள், ஆனால் சொன்னதைச் செய்வார்கள்.

உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளையாட்டுத் துறையில் அரசு சார்ந்த பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன; அவற்றின் உதவித்தொகை பெரும்பாலும் இந்நாட்டுக் குடிமக்களுக்கே. இதை அநியாயம் என்று புலம்பும் நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலையில்லாத இளைஞர்கள் தெருத்தெருவாக நிற்கும் நாட்டில் அது வேறு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஸ்டேடியத்தில் நுழைய வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் நானும் தன்னார்வலனாக இருந்தேன். ஜூலை 7 அன்று மோசஸ் மபிடாவில் ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதியின்போது, நான் வெளியே ஒரு சாலை முனையில் கையில் திசைகாட்டும் பலகையோடு நின்றேன். ஸ்பெயின் கோல் அடித்ததை உள்ளிருந்து வந்த இரைச்சலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதே ஸ்டேடியத்தில் ஜூன் 13 அன்று ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆட்டம் முடிந்த பிறகு, பேசிய கூலி தரவில்லை என்று பணியாளர்கள் திரண்டதும், காவல்துறை கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்ததும் உலகச் செய்தியானது. எழுதி வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

கழுத்தில் அனுமதி அட்டையைத் தொங்கவிட்டு எடுத்த படத்தை இணையத்தில் போடுவதற்காகவே வருகிறவர்கள் இப்போது அதிகம். என்னிடம் வரும் விண்ணப்பங்களில் பத்துப் பெரிய நிகழ்ச்சிகளின் பெயர் இருக்கும். அங்கே எதற்குப் பொறுப்பாக இருந்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒரு பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் பதிவு மேசையை நடத்தியவர் தடுமாறாமல் பதில் சொல்வார். தடகள உரிம எண் இல்லாமல் வருகிறவருக்குத் தற்காலிக உரிமம் விற்றுக் கணக்கு வைத்தேன், கடைசி அரைமணி நேரத்தில் வரிசை நீண்டபோது இன்னொரு மேசை போட்டேன், தண்ணீர்ப் பாக்கெட்டுகள் எந்த இடத்தில் தீர்ந்தன என்று குறித்து மறு ஆண்டுக்குக் கொடுத்தேன் என்பார். அவரைத்தான் நான் எடுப்பேன்.

நிகழ்ச்சிப் பாதுகாப்பையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் இந்தத் துறையின் முதுகெலும்பு அதுதான். 1991-இல் ஆர்க்னியில் 42 பேரும், 2001 ஏப்ரல் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் 43 பேரும் கால்பந்து ஆட்டத்தின் நெரிசலில் இறந்தார்கள். எல்லிஸ் பார்க்குக்குப் பிறகு விசாரணை ஆணையம் அமைத்து, 2010-இல் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சியின் இடர் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று காவல்துறை முன்கூட்டியே வகைப்படுத்தும். ஆட்ட நாளில் காவல்துறை, தீயணைப்பு, மருத்துவம், ஏற்பாட்டாளர் எல்லோரும் விஓசி (வென்யூ ஆபரேஷன்ஸ் சென்டர்) எனப்படும் கட்டுப்பாட்டு அறையில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறையில் நடப்பதை நேரம் போட்டு எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். சலிப்பான வேலை என்று மாணவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நான் கேட்டு வாங்கி எழுதினேன். எந்த வாசலில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எந்த நிமிடத்தில் எந்த வாசலைத் திறக்கச் சொன்னார்கள் என்று ஆறு மணி நேரம் எழுதியபோதுதான், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் சிறுவயதில் நான் வேடிக்கை பார்த்த கூட்டத்தை எத்தனை பேர் கண் இமைக்காமல் கவனித்திருப்பார்கள் என்று உறைத்தது.

2023-இல் எஸ்ஏ20 என்ற தென்னாப்பிரிக்க டி20 கிரிக்கெட் தொடர் தொடங்கியதிலிருந்து கிங்ஸ்மீடில் ஜனவரி மாதங்கள் பரபரப்பாக இருக்கின்றன. 2027-இல் ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்கவிருக்கிறது. தன்னார்வலர்களுக்கு அழைப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதற்குள் உங்கள் பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்தில் விடுதி லீக் போட்டிகளின் அட்டவணையையாவது கேட்டு வாங்கி நடத்திப் பழகுங்கள்.

காம்ரேட்ஸ் ஓட்டத்தைத் தவறவிடாதீர்கள். 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டம் அது. 12 மணி நேரம் முடிந்ததும் அதிகாரி ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். அதற்குப் பிறகு ஓரடி தூரத்தில் இருந்தாலும் பதக்கம் இல்லை. நான் முதல்முறை முடிவுக்கோட்டில் போர்வை கொடுக்கும் வேலையில் இருந்தபோது, அந்த வெடிச்சத்தத்துக்கு மறுநொடி வந்து விழுந்த ஒரு பெரியவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், கையில் இருந்த போர்வையை மட்டும் போர்த்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த தன்னார்வலர், அடுத்தவர் வருகிறார், கையை நீட்டு என்றார்.

எங்கள் கிளப் ஆட்கள் இப்போதும் ஆண்டுதோறும் வழியில் ஒரு தண்ணீர் மேசை போடுகிறார்கள். கணக்கு எழுத ஆள் தேவைப்படும். குளிர்கால உடை வேண்டுமா என்று கேட்டிருந்தீர்களே, டர்பனில் மெல்லிய ஸ்வெட்டர் போதும். மேசை போட அதிகாலை மூன்று மணிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வருவதாக இருந்தால் தடித்த ஜாக்கெட் எடுத்து வாருங்கள்.