குறட்டையும் மூச்சுத்திணறலும்: குழந்தைகளுக்கான டான்சில், அடினாய்டு ஆபரேஷன் – கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் 5 வயது மகனுக்குத் தொண்டை வலி வருவதே அபூர்வம். குறட்டை மட்டும்தான். அதற்கு எதற்கு ஆபரேஷன்?

பதில்: தொண்டை வலிக்குப் பார்க்கும் கணக்கு வேறு, மூச்சடைப்புக்குப் பார்க்கும் கணக்கு வேறு. விழித்திருக்கும்போது தொண்டைத் தசை வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் தசை தளர, பெருத்த டான்சிலும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் வழியை அடைக்கும். குறட்டை நடுவில் நின்று, சத்தமில்லாமல் நெஞ்சு மட்டும் உள்வாங்கி, பிறகு திணறி மூச்சு எழுகிறதா? நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறதா? சட்டையைக் கழற்றிவிட்டு, விடியற்காலைத் தூக்கத்தை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனை செய்யாமலே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சரிதானா?

பதில்: மற்றபடி ஆரோக்கியமான குழந்தை, டான்சில் பெரிது, அறிகுறி தெளிவு என்றால் சரிதான். 2 வயதுக்குள், உடல் பருமன், டவுன் சிண்ட்ரோம், முக எலும்புக் குறைபாடு என்றால் முதலில் பரிசோதனை.

கேள்வி: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பரிசோதனை இல்லாமல் கத்தி வைக்கவே கூடாது. என் மகளுக்குத் தூக்கப் பரிசோதனையில் மூச்சடைப்பு எண்ணிக்கை மணிக்கு 3 வந்தது. காத்திருந்தோம், சரியாகிவிட்டது.

பதில்: உங்கள் மகளுக்குக் காத்திருந்தது நல்ல முடிவு. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயதுவரை 464 குழந்தைகள். 7 மாதத்தில் ஆபரேஷன் ஆனவர்களில் 79 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கும் தூக்கப் பரிசோதனை முடிவு சீரானது. ஆனால் தூக்கத்தில் ஆக்சிஜன் வெகுநேரம் இறங்கிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களைக் காத்திருக்கச் சொல்ல அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கேள்வி: அப்படியென்றால் அந்த எண்ணால் என்ன பயன்?

பதில்: மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதுதான் அந்த எண். குழந்தைகளில் 1-க்கு மேலே போனாலே அசாதாரணம். 10-ஐத் தொட்டால், அல்லது ரத்த ஆக்சிஜன் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், ஆபரேஷன் அன்று இரவு ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருந்தே ஆகவேண்டும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எண் எதுவானாலும் அப்படித்தான். வீக்கம் வடிய நேரமாகும். அன்றிரவே மூச்சு சீராகிவிடாது.

கேள்வி: எனக்கு 45 வயது, பயங்கரக் குறட்டை. டான்சிலை எடுக்கலாமா?

பதில்: பெரியவர்களுக்கு வைத்தியமே வேறு. தூக்கப் பரிசோதனை செய்யும் நுரையீரல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வலிக்கு என்ன மருந்து?

பதில்: பாரசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கொருமுறை. 16 கிலோ குழந்தைக்கு 240 மி.கி. பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 10 மி.லி.; 250 மி.கி. என்றால் 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. பாட்டில் மாறும்போது அளவை மாற்றாமல் விடுவதில்தான் தவறு நடக்கிறது. கோடீன், டிரமடால் கூடவே கூடாது. சில உடல்கள் கோடீனை வெகுவேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும்.

கேள்வி: ஆறாம் நாள். தொண்டையில் வெள்ளையாகச் சீழ், காதிலும் வலி.

பதில்: அது சீழல்ல, புண் ஆறும் படலம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் காது வலிக்கிறது. கவனம் வேண்டியது வேறொன்றில்: 5 முதல் 10 நாளுக்குள் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். தூக்கத்தில் குழந்தை திரும்பத் திரும்ப விழுங்கினால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். சிவப்பு ரத்தம் ஒரு ஸ்பூன் என்றாலும் உடனே ஆஸ்பத்திரி. இளநீர், மோர், ஆறின கஞ்சி என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: ஐஸ்கிரீம்?

பதில்: கொடுக்கலாம். முறுக்கு, சிப்ஸ் 2 வாரம் வேண்டாம்.

கேள்வி: டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா?

பதில்: போகாது. அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு நிணத்திசுக்கள் நிறைய உண்டு.

கேள்வி: வீட்டில் கோடீன் கலந்த இருமல் சிரப் இருக்கிறது. கொஞ்சமாக…

பதில்: கூடாது. மேலே சொல்லிவிட்டேன். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி 3 மாதம். மகனுக்கு 9 வயது, எடை 52 கிலோ. இன்னும் குறட்டை விடுகிறான்.

பதில்: பருமனான குழந்தைகளுக்கு அடைப்பு மிச்சமிருப்பது சகஜம். தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். எடைக் குறைப்பும், தேவைப்பட்டால் இரவில் காற்றை அழுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் மாஸ்க்கும் அடுத்த படி.