பசை விரலில் ஒட்டினால் இழுக்கலாமா?

கேள்வி: அறுந்த செருப்பு வாரை ஒட்டும்போது சூப்பர் க்ளூ வழிந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. இழுத்ததில் தோல் உரிந்துவிட்டது. வயல் வேலை பார்க்கும் என் மாமனாரோ, அரிவாள் வெட்டினால் காயத்திலேயே இந்தப் பசையை விட்டுக்கொள்கிறார். “ஆஸ்பத்திரியிலும் பசை போட்டுத்தானே ஒட்டுறாங்க” என்கிறார். சரியா டாக்டர்?
- வாசகி, வலங்கைமான்

பதில்: உரிந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாஸ்லின் தடவி மூடி வையுங்கள். சில நாளில் ஆறிவிடும். வீங்கினாலோ சீழ் பிடித்தாலோ நேரில் காட்டுங்கள்.

இந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். மற்ற பசை மாதிரி இது காய்ந்து ஒட்டுவதில்லை. ஈரம் பட்டால்தான் இறுகும். நம் டெல்டாவில், அதுவும் ஐப்பசி மழையில், ஈரத்துக்கா பஞ்சம்? வியர்த்த விரல் என்றால் சில நொடி போதும். செருப்புக்கு ஒரு சொட்டை மெல்லிசாகத் தடவி அழுத்திப் பிடித்தாலே ஒட்டிவிடும். தடியாக விட்டால் உள்ளே ஈரம் எட்டாமல் இறுகத் தாமதமாகும், அழுத்தும்போது விரலில் வழியும்.

அடுத்த முறை ஒட்டினால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரல்களை உருட்டி உருட்டி மெல்லப் பிரியுங்கள். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் பசையைக் கரைக்கும். ஆனால் புண்ணிலோ, கண், வாய்ப் பக்கமோ அது படவே கூடாது. மிச்சப் பசை தோலோடு தானே உதிர்ந்துவிடும்.

வழிந்ததைப் பஞ்சால் துடைப்பதும் வேண்டாம். பருத்தியில் பட்டால் பசை சட்டென்று இறுகிச் சூடாகும், சில சமயம் புகையே வரும். ஒருமுறை வேட்டியில் பசை சிந்தி, தொடையில் கொப்புளத்தோடு ஒருவர் வந்தார். “பசை சுடுமா சார்?” என்று அவர் கேட்டபோது, கொப்புளம் ஒரு ரூபாய் அளவுக்கு இருந்தது.

மாமனார் சொல்வது பாதி சரி. நாங்கள் போடுவதும் அதே குடும்பம்தான். கடைப் பசை பெரும்பாலும் எத்தில் வகை. அது திசுவை எரிச்சலூட்டும். மருத்துவப் பசை பியூட்டைல், ஆக்டைல் வகை, கிருமி நீக்கியது. அதையும் காயத்துக்குள் விடமாட்டோம். நன்றாகக் கழுவி, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, மேலே மட்டும் பூசுவோம். அவர் செய்வது வயல் சேற்றை உள்ளே வைத்து மூடி போடுகிற வேலை. ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தையலா, டிடி ஊசியா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தால் சின்ன வெட்டுக்குக்கூடப் போய்விடுங்கள்.

அப்புறம், கண் சொட்டு மருந்து இருக்கும் அலமாரியில் இந்தப் பசையை வைக்காதீர்கள். மருந்தென்று நினைத்துக் கண்ணில் விட்டுக்கொள்பவர்கள் உண்டு. அப்படி ஆனால் இமையைப் பிய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.